இருபதாவது நிமிடம்

காலை 6.20க்கு அபூதாஹிரைச் சுட்டார்கள். அவருடைய தோணி அரை மணித்தியாலம் ஆளில்லாமல் களப்பில் மிதந்தது. 6.50க்கு யாரோ நீந்திப்போய் அதைக் கரைக்கு இழுத்துவந்து கட்டினார்கள்.

2007 ஆகஸ்ட் 16, வியாழக்கிழமை. சுட்டபோது குறிஞ்சாக்கேணித் துறையில் ஆறேழு பேர் நின்றார்கள். பொலிஸ் வந்தபோது ஒருவரும் நிற்கவில்லை. உதவிப் பரிசோதகர் தன் புத்தகத்தில் ‘இனந்தெரியாத இருவர், மோட்டார் சைக்கிள்’ என்று எழுதிக்கொண்டு போனார். அந்த வருடம் அந்தப் புத்தகத்தில் அதிகம் எழுதப்பட்ட சொல் ‘இனந்தெரியாத’ என்பதுதான்.

8.40. கிண்ணியா ஆஸ்பத்திரி. சவச்சாலைக்கு வெளியே ஒரு வாங்கில் ஸுல்பிகா உட்கார்ந்திருந்தாள். வயது முப்பத்திநாலு. திருகோணமலை நகரில், உட்துறைமுக வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் இரண்டு அறைகளை எடுத்துக் கணினி வகுப்பு நடத்துகிறவள். அபூதாஹிர் அவளுடைய தாயின் தம்பி. அவரோடு தோணி ஓட்டிய ஸுஹைர், பொலிஸிடம் சொல்லாததை அவளிடம் மெதுவாகச் சொன்னான்.

“ரெண்டு பேரு. ஹெல்மட் கழட்டல்ல. ஒருத்தன்ட கையில ஒரு கடுதாசித் துண்டு. அதைப் பாத்துத்தான் கேட்டான்.”

“என்னெண்டு கேட்டான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

“‘முஹம்மது தம்பி அபூதாஹிர் யாரு?’ எண்டான். தாஹிர் காக்காக்குச் சிரிப்பு வந்துட்டு. ‘அபூதாஹிர் நான்தான். முஹம்மது தம்பி என்ட மாமனார்ட பேரு’ எண்டார்.” ஸுஹைர் தன் கைகளைப் பார்த்தான். “அவ்வளவுதான் தங்கச்சி. சிரிச்சபடிதான் விழுந்தார்.”

ஸுல்பிகா எழுந்தாள். அபூதாஹிரின் தகப்பன் பெயர் மீராலெப்பை. அடையாள அட்டையிலும் அதுதான். ஊரிலோ அவரைத் தோணிக்காரத் தாஹிர் என்றால்தான் தெரியும். மாமனாரின் பெயரைத் தகப்பன் பெயராகப் போட்டு அவரை யார் அறிவார்கள்?

அந்தப் பிழை எங்கே பிறந்தது என்று அவளுக்கு விளங்கியது.

ஜனாஸா அடக்கம் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகுதான் என்றார்கள். நேரம் இருந்தது. மாமாவின் மனைவி லைலா மாமியின் முகத்தைப் பார்க்காமலே அவள் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறி நகருக்குத் திரும்பினாள்.

11.15. லிங்கநகர்.

கமலேஸ்வரியின் வீட்டில் பின்பக்கத்து அறை ஒன்றில் கணினி இருந்தது. காணாமற்போனவர்களின் விபரம் திரட்டிய ஒரு சிறிய குழுவில் அவள் எழுதுவினைஞராக இருந்தவள். பங்குனியில் குழுவின் வாசலில் கைக்குண்டு விழுந்தது. காரியாலயத்தை மூடினார்கள். கோப்பு ஒன்று மட்டும் அவளுடைய வீட்டுக் கணினிக்கு வந்தது. கண்ணால் கண்டதைத் தங்கள் பெயரோடும் விலாசத்தோடும் சொன்னவர்களின் கோப்பு. மொத்தம் பதினொரு பேர். பதினோராவது ஆள் அபூதாஹிர். வைகாசி மாதத்தில் ஒரு விடியற்காலை, கண் கட்டப்பட்ட மூன்று இளைஞர்களைத் துறைக்கு எதிரே ஒரு வாகனத்திலிருந்து இறக்கியதை அவர் கண்டிருந்தார். மூன்று மாதம் அதை நெஞ்சுக்குள் வைத்திருந்தவரை, போன ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டுக்குக் கூட்டிவந்தவள் ஸுல்பிகாதான்.

கமலேஸ்வரிக்குச் செய்தி ஏற்கெனவே தெரிந்திருந்தது. கண்கள் வீங்கியிருந்தன.

“வாங்கோ ஸுல்பிகா. இருங்கோ. நான் என்னத்தைச் சொல்ல…”

“பிறகு அழலாம் அக்கா. மாமாட வாப்பா பேர் என்னெண்டு அடிச்சீங்க? பாத்துச் சொல்லுங்க.”

கணினித் திரை கறுத்துக் கிடந்தது. அதன் மூலையில் சின்னச் செம்மஞ்சள் வெளிச்சம் ஒன்று மட்டும் எரிந்தது. கமலேஸ்வரி மவுஸை அசைத்தாள். திரை விழித்தது, கடவுச்சொல் கேட்டது. ஸுல்பிகா மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டாள். கோப்புத் திறந்தது.

“முஹம்மது தம்பி அபூதாஹிர்” என்று கமலேஸ்வரி வாசித்தாள். “நீங்கள் ஞாயிற்றுக்கிழமை அப்பிடித்தானே சொன்னீங்கள்?”

“அது மாமியுட வாப்பா பேர். தேத்தண்ணி குடிக்கக்கொள்ள கதையோட கதையாச் சொன்னது. நீங்க மாறி எழுதிட்டீங்க.” ஸுல்பிகா திரையில் அந்தப் பெயரைத் தொட்டுக் காட்டினாள். “காலையில சுட்டவங்க அந்தப் பேரைச் சொல்லித்தான் கேட்டிருக்காங்க.”

வாசலில் நின்ற குலசிங்கம் முன்னே வந்தார். கமலேஸ்வரியின் கணவனுக்கு மூத்தவர்; தம்பி இறந்த பிறகு இந்த வீட்டிலேயே இருக்கிறார்.

“அந்தாள் இஞ்சை வந்து போனதை ஆரும் ஒழுங்கையிலை கண்டிருப்பாங்கள். நீங்கள்தானே பட்டப்பகலிலை கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?”

“ஓம், நான்தான். ஆனா ஒழுங்கையில கண்டவனுக்கு இந்தப் பிழை தெரியாது அண்ணே. இந்தப் பிழை ரெண்டே இடத்தில இருந்தது. அக்கா எழுதின துண்டில, இந்தக் கோப்பில.”

“துண்டை நான் எரிச்சிட்டன்” என்றாள் கமலேஸ்வரி. “செவ்வாய்க்கிழமை காலமைதான் இருந்து அடிச்சனான். ஒன்பது மணிக்கு முடிஞ்சுது. துண்டைக் குசினியிலை அடுப்புக்குள்ளை போட்டிட்டு வந்து, திரும்ப ஒருக்கா வாசிச்சுக்கொண்டிருந்தனான். அதுவரைக்கும் துண்டு என்ர சட்டைக்குள்ளைதான் இருந்தது. ஒன்பது பத்துக்கு…”

ஒன்பது பத்துக்குத் துறைமுகப் பக்கம் அந்தப் பெரிய வெடிச்சத்தம். யன்னல்கள் அதிர்ந்தன. ஊர் முழுக்கத் தாய்மார் பள்ளிக்கூடங்களை நோக்கி ஓடினார்கள். கமலேஸ்வரியும் ஓடினாள். கோப்பு திரையில் திறந்தபடி கிடந்தது.

“ஓடேக்கை நினைச்சனான், ஐஞ்சு நிமிஷத்திலை தானாப் பூட்டிக்கொள்ளும் எண்டு. நீங்கள்தானே சித்திரை மாதம் அப்பிடிப் போட்டுத் தந்தனீங்கள்.”

“எத்தனை மணிக்குத் திரும்பினீங்க?”

“பதினொன்று ஐஞ்சு. பள்ளிக்கூடத்திலை கொப்பியிலை நேரம் எழுதி ஒப்பம் வைச்சுத்தான் பிள்ளையை விட்டவை. 10.45. வீட்டுக்கு இருபது நிமிஷம்.”

“வந்து பாக்கக்கொள்ள திரை எப்படி இருந்தது?”

“பூட்டித்தான் இருந்தது. மகளின்ர பேர் ஓடிக்கொண்டிருந்தது. மவுஸைத் தட்டினன், பாஸ்வேர்ட் கேட்டுது. அதாலைதான் நான் பயப்படேல்லை.”

கணினி ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் ‘துஷாந்தி’ என்ற பெயர் பச்சை எழுத்தில் திரையின் குறுக்கே ஓடத் தொடங்கும். பெயர் ஓடத் தொடங்கினால் பூட்டு விழுந்துவிட்டது என்று பொருள். மகள்தான் விளையாட்டாக அந்தப் பெயரைப் போட்டவள்.

ஸுல்பிகா கணினியின் அமைப்புகளைத் திறந்து பார்த்தாள். ஐந்து நிமிடம் என்ற எண் அப்படியே இருந்தது. கடவுச்சொல் கேட்கும் பெட்டியில் சரிக் குறியும் இருந்தது. ஒருவரும் மாற்றியிருக்கவில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் மற்றப் பக்கத்தையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு மூடினாள். வாசித்துவிட்டுப் போனவன் கோப்பில் எந்தத் தடயமும் விட்டிருக்கப்போவதில்லை. அந்தக் கணினிக்குத் தொலைபேசி இணைப்புக்கூடக் கிடையாது. பார்த்தவன் இந்தக் கதிரைக்கு வந்துதான் பார்த்திருக்கவேண்டும்.

“அக்கா, கோப்பில எந்தப் பக்கம் திறந்து கிடந்தது?”

“உங்கட மாமாவின்ர பக்கம். கடைசிப் பக்கம்.”

“அப்ப கேள்வி இதுதான். வந்தவனுக்குக் கிடைச்சது ஐஞ்சு நிமிஷமா, ரெண்டு மணித்தியாலமா? ஐஞ்சு நிமிஷமெண்டா முன்னுக்குக் கிடந்த ஒரு பேரோட போயிருப்பான். மாமாவோட முடிஞ்சிது. ரெண்டு மணித்தியாலமெண்டா பதினொரு பேரும் அவன்ட கையில.”

குலசிங்கம் கதவைப் பிடித்துக்கொண்டார். மிச்சப் பத்துப் பேரில் வெளியே இருந்த ஒருவருக்கும் இது தெரியாது. உவர்மலையில் ஒரு தையல்காரி. கந்தளாயில் வயல் செய்கிற ஒருவர். மூதூரில் இரண்டு சகோதரிகள். ஓடச் சொன்னால் வீடு, வேலை, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் விட்டு இன்றைக்கே ஓடவேண்டும். சும்மா ஓடச் சொல்லவும் ஏலாது. ஒரே நாளில் பத்துக் குடும்பம் எழும்பினால், சாட்சி சொன்னவர்கள் இவர்கள்தான் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

“செவ்வாய்க்கிழமை வீட்டில இருந்தவங்களைக் கூப்பிடுங்க” என்றாள் ஸுல்பிகா.

11.40. குலசிங்கம்.

“அக்கா ஓடினபோது நீங்க?”

“சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலையே போனனான். வழி மறிச்சுப் போட்டாங்கள். ரெண்டு பேரும் பள்ளிக்கூட வாசலிலைதான் நிண்டது. ஒண்டாத்தான் திரும்பினது.”

கமலேஸ்வரி தலையசைத்தாள்.

11.50. புஸ்பராணி. காலையில் வந்து சமைத்து, துணி தோய்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறவள். முன்றானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

“நான் குசினிக்குள்ளை. சத்தம் கேட்டதும் மேசைக்குக் கீழை பூந்திட்டன். சோமசேகரம் ஐயாதான் வந்து எழுப்பினவர். ‘நீ போய் உன்ர பிள்ளையைப் பார். வீட்டை நான் பாக்கிறன்’ எண்டார். நல்ல மனிசன். ஓடினனான். பன்னிரண்டுக்குத்தான் வந்தனான்.”

“அவர் வந்து எழுப்பினது எவ்வளவு நேரத்தில?”

“உடனை. அக்கா படலையைத் தாண்டியிருக்கவும் மாட்டா.”

“உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?”

“என்ர பேர் எழுதுவன்.”

12.00. சோமசேகரம்.

முன் அறையில் வாடகைக்கு இருக்கிறவர். கப்பற் சாமான் கம்பனி ஒன்றில் முப்பது வருடம் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து இளைப்பாறியவர். மனைவி இல்லை. ஒரே மகன் கோபிதரனை வைகாசி 21ஆம் திகதி பஸ் தரிப்பிடத்தில் வைத்து வான் வண்டியில் ஏற்றினார்கள். முப்பது அடித் தூரத்தில் நின்று அதைப் பார்த்தவர் அவர். கோப்பில் அவர் ஏழாவது ஆள்.

அவர் உள்ளே வந்ததும் குலசிங்கம் தானாகவே கதிரையை நகர்த்திக் கொடுத்தார்.

“அண்ணே, செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லுங்க.”

“புஸ்பராணியை அனுப்பிப்போட்டு நான் ஒழுங்கை முகப்புக்குப் போனனான், என்ன சத்தமெண்டு பாக்க. படலை திறந்துதான் கிடந்தது. அது என்ர பிழைதான் பிள்ளை. ஆரும் உள்ளுக்கு வந்திருந்தால் அந்த நேரத்திலைதான் வந்திருக்கவேணும். ஒன்பதரைக்குத் திரும்பி வந்தனான்.”

“இந்த அறையைப் பாத்தீங்களா?”

“ஓம். கதவு திறந்து கிடந்தது. எட்டிப் பாத்தனான். பிள்ளையின்ர பேர் ஓடிக்கொண்டிருந்தது. சரி, பூட்டியிட்டுது எண்டு கதவைச் சாத்தினனான்.”

“பிறகு?”

“விறாந்தையிலை இருந்தனான். பத்து மணிபோலை தண்ணி குடிக்கப் போகேக்கை திரும்பவும் பாத்தனான். ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் கை வைக்கேல்லை.”

“நல்லா ஞாபகம் இருக்கா? பத்து மணி?”

“குசினி மணிக்கூட்டைப் பாத்தனான்.”

“விறாந்தையில இருக்கக்கொள்ள யாரும் உள்ளுக்கு வந்தாங்களா?”

“ஒரு சனமும் வரேல்லை. கமலேஸ்வரி வரும்வரைக்கும் நான் அசையேல்லை.”

கமலேஸ்வரி நீண்ட மூச்சு விட்டாள். “அப்ப ஐஞ்சு நிமிஷம்தான். கடவுளே, மற்றவை தப்பிவிட்டினம்.”

குலசிங்கமும் அப்படித்தான் நினைத்தார். திறந்த படலை, ஐந்து நிமிடம், யாரோ ஒருவன், ஒரு பெயர். எல்லாம் பொருந்தியது.

ஸுல்பிகா மட்டும் எழுந்திருக்கவில்லை. தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“எல்லாரும் கொஞ்ச நேரம் இருங்க. ஒருத்தரும் மேசையைத் தொடவேணாம்.”

12.12. கோப்பை மூடினாள். திரையில் வெறும் நீல வானமும் பச்சை மேடும் தெரிந்தன. கையை எடுத்துக்கொண்டாள்.

ஐந்து பேர் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே கடற்படைப் படகொன்றின் இயந்திரம் தூரத்தில் இரைந்து ஓய்ந்தது.

12.17. திரை கறுத்து, ‘துஷாந்தி’ என்ற பெயர் வலப்பக்கத்திலிருந்து நழுவி வந்தது.

“சரிதானே” என்றார் சோமசேகரம். “இப்பிடித்தான் ஓடினது.”

“இன்னும் கொஞ்சம் அண்ணே.”

பெயர் வந்தது, போனது. புஸ்பராணி நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். குலசிங்கத்துக்குப் பொறுமை போயிற்று. “அங்கை மனிசன் செத்துக் கிடக்கிறார். இஞ்சை படம் பாக்கிறமே?” ஸுல்பிகா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் மதிய இடைவேளை முடிந்து வரும்போதெல்லாம் பன்னிரண்டு கணினிகளும் ஒன்றுபோலக் கிடக்கும் விதம் அவள் கண்ணுக்குள் இருந்தது.

12.32. ‘துஷாந்தி’ பாதித் தூரம் ஓடியிருந்தது. ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். பெயர் அணைந்தது. திரை முழுதாக இருண்டது. மூலையில் செம்மஞ்சள் வெளிச்சம் வந்தது.

“இருபது நிமிஷம்” என்றாள் ஸுல்பிகா. “இதில ரெண்டு மணிக்கூடு இருக்கு. ஐஞ்சாவது நிமிஷத்தில பேர் ஓடும், பூட்டு விழும். இருபதாவது நிமிஷத்தில திரையே அணைஞ்சிடும். நான் வரக்கொள்ளயும் இது இப்படித்தான் கறுத்துக் கிடந்தது. அக்கா ஒன்பது பத்துக்கு விட்டிட்டு ஓடினவ. ஒருத்தரும் தொடாட்டி ஒன்பதரைக்கு இது செத்துக் கிடக்கவேணும். அண்ணே, நீங்க பத்து மணிக்குப் பேர் ஓடினதைப் பாத்தீங்க.”

சோமசேகரம் கண்ணாடியைக் கழற்றினார். “நேரம் பிழைச்சிருக்கும் பிள்ளை. எனக்கும் வயசு போட்டுது.”

“உங்கட நேரம் பிழைக்கலாம். அக்காட நேரம் பிழைக்காது. பள்ளிக்கூடக் கொப்பியில இருக்கு. பதினொன்று அஞ்சுக்கு அவ வரக்கொள்ளயும் பேர் ஓடியிருக்கு. அப்ப அதுக்கு முந்தின இருபது நிமிஷத்துக்குள்ள, 10.45க்குப் பிறகு இதில ஒரு கை பட்டிருக்கு.”

“ஆரும் தட்டுப்பட்டிருப்பினம்” என்றார் குலசிங்கம். “பூட்டினதுக்குப் பிறகு மேசையிலை இடிச்சிருந்தால்?”

ஸுல்பிகா ஒரு விரலால் மவுஸைத் தொட்டாள். திரை விழித்தது. கடவுச்சொல் கேட்டது.

“இதுதான் வரும். இதை இப்படியே விட்டாலும் மகள்ட பேர் திரும்ப வராது. கொம்பியூட்டர் கொம்பனிக்காரன்ட சின்னம்தான் வரும். அந்தப் பேர் திறந்து கிடக்கிற திரையில இருந்து மட்டும்தான் ஓடத் தொடங்கும். பூட்டு விழுந்த பிறகு ஆயிரம் தரம் இடிச்சாலும் ஓடாது. பாஸ்வேர்ட் அக்கா ஒராளுக்குத்தான் தெரியும். அக்கா வரக்கொள்ள பேர் ஓடினதெண்டா, அதுவரைக்கும் பூட்டு விழவே இல்ல.”

அவள் குரல் உயரவில்லை.

“அக்கா போய் ஐஞ்சு நிமிஷம் ஆகமுந்தி ஒராள் இந்தக் கதிரைக்கு வந்திட்டார். 10.45 தாண்டும்வரைக்கும் மவுஸை அசைச்சு அசைச்சு அதைத் திறந்தே வச்சிருந்தார். புஸ்பராணியை அனுப்பினது நீங்க. குலசிங்கம் அண்ணே அக்காவோட. விறாந்தையில இருந்து அசையல்ல, ஒரு சனமும் உள்ளுக்கு வரேல்லை எண்டதும் நீங்க. ஒன்பதரைக்குப் பேர் ஓடிச்சு எண்டு சொல்லியிருந்தாக்கூட நான் நம்பியிருப்பன். எங்களுக்கு ஐஞ்சு நிமிஷத்தை நல்லா நம்பவைக்க இன்னொரு தரமும் பாத்ததாச் சொன்னீங்க. இருபதாவது நிமிஷம் உங்களுக்குத் தெரியாது.”

சோமசேகரம் கண்ணாடியை வேட்டித் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இடது கையாலை அசைச்சனான்” என்றார் கடைசியில். “வலது கையாலை எழுதினனான்.”

குலசிங்கம் பாய்ந்து அவருடைய சட்டையைப் பிடித்தார். கமலேஸ்வரி குறுக்கே வந்தாள். சோமசேகரத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“எத்தினை பேரை எழுதினீங்கள்?”

“என்னை விட்டுப் பத்துப் பேர்.”

“எத்தினை பேரைக் குடுத்தீங்கள்?”

“ஒராள்.” அவர் ஸுல்பிகாவைப் பார்க்கவில்லை. “ரெண்டு கிழமைக்கு முந்திப் போன் வந்தது. மகனைக் கதைக்கவிட்டாங்கள். ‘அப்பா’ எண்டான். அவ்வளவுதான். அவன்ர குரல்தானோ எண்டு இப்பவும் எனக்குச் சரியாத் தெரியாது. சாட்சி சொன்னவையின்ர பேரைக் கொண்டு வா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ எண்டாங்கள். முதல் ஒரு பேர், மிச்சப் பேரெல்லாம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு.”

“ஆர் அவங்கள்?” என்றார் குலசிங்கம்.

“அதைக் கேக்காதையுங்கோ.”

“ஏன் அவர்?” என்றாள் ஸுல்பிகா. “பத்துப் பேர்ல ஏன் என்ட மாமா?”

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

“மற்றவையை எனக்குத் தெரியும். இஞ்சை வந்து இருந்து அழுதவை. அவையோடை நானும் அழுதனான். அவரைத்தான் நான் ஒருநாளும் காணேல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போட்டன். கூப்பிட்டு வெருட்டுவாங்கள் எண்டுதான் நினைச்சன். காலமை றேடியோவிலை பேர் சொல்லேக்கைதான்…”

ஸுல்பிகா எழுந்து யன்னல் பக்கம் திரும்பி நின்றாள். முதுகு மட்டும் தெரிந்தது.

அவருடைய அறைக்குக் குலசிங்கம் கூடவே போனார். பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைத்திருந்த தாள் வந்தது. களஞ்சியக்காரரின் நேர்த்தியான கையெழுத்து. ஒன்பது பெயர், ஒன்பது விலாசம், வீட்டை அடைவதற்கான அடையாளங்களும்கூட. கமலேஸ்வரி அதை அடுப்பில் போட்டாள். எரிந்து முடியும்வரை புஸ்பராணி பக்கத்தில் நின்றாள்.

“தாள் எரிஞ்சிட்டுது” என்றாள் ஸுல்பிகா. “ஆனா இவர் வாசிச்சவர். நாளைக்கு நாலு மணிக்கு இவர் போகாட்டி அவங்க இவரைத் தேடி வருவாங்க. வந்து கேக்கிற விதத்தில கேப்பாங்க.”

“நான் சொல்லமாட்டன்” என்றார் சோமசேகரம்.

கமலேஸ்வரி மகளின் உடுப்புகளைப் பையில் போடத் தொடங்கினாள்.

பகல் 1.30. ஸுல்பிகா கணினியின் பக்கத் தகட்டைத் திருகாணி கழற்றித் திறந்து, வன்தட்டை எடுத்துத் துவாயில் சுற்றிக் கமலேஸ்வரியிடம் கொடுத்தாள். குலசிங்கம் சைக்கிளில் உவர்மலைப் பக்கம் போனார். புஸ்பராணி நடந்து போனாள். வாசிக்கத் தெரியாத அவளிடம் மூன்று பெயர்களை வாயால் சொல்லிக் கொடுத்தார்கள். கந்தளாய்க்காரரைத் தேடிக் கமலேஸ்வரியே பஸ் ஏறினாள், மகளையும் கையில் பிடித்துக்கொண்டு. பிறகு அவள் திருகோணமலைக்குத் திரும்பவேயில்லை. வன்தட்டுக் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது.

மூதூர்ச் சகோதரிகளுக்கு ஸுல்பிகா ஆள் அனுப்பினாள். பிறகு குறிஞ்சாக்கேணிக்குப் போனாள். மையவாடியில் மண் போட்டு முடித்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கிடையில் ஒன்பது பேரில் ஏழு பேர் ஊரை விட்டிருந்தார்கள். இருவர் போகவில்லை. கந்தளாய்க்காரர் அறுவடை முடியட்டும் என்றார். அவரை ஐப்பசியில் கொண்டுபோனார்கள். மற்றவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று யாருக்கும் தெரியாது.

சோமசேகரத்தையும் போகச் சொன்னார்கள். குலசிங்கம்தான் சொன்னார்; பஸ் பயணச்சீட்டையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் எடுக்கவில்லை. பிள்ளை வந்தால் ஆள் இருக்கவேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை 3.30க்குச் சவரம் செய்து, தோய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, வெறுங்கையோடு படலையைத் திறந்துகொண்டு போனார். அதைப் பார்த்தவள் புஸ்பராணி. அவரைக் கடைசியாகப் பார்த்தவளும் அவள்தான். அவர் அங்கே யாருடைய பெயரையும் சொன்னாரா, இல்லையா என்பதும் தெரியவில்லை.

நாற்பதாம் நாளுக்கு ஸுல்பிகா குறிஞ்சாக்கேணிக்குப் போனாள். கணவன் இறந்த பெண் வீட்டுக்குள் இருக்கும் இத்தாக் காலத்தில் லைலா இருந்தாள். வெளியார் வராத உள் அறை, பாய், ஒரு சின்ன யன்னல். ஸுல்பிகா கதவைச் சாத்திவிட்டுப் பாயில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தான் கூட்டிக்கொண்டு போனதையும், பெயர் மாறியதையும், இரண்டு மணித்தியாலம் ஒருவர் இருந்து எழுதியதையும், தெரியாத ஆள் என்பதால் மாமாவைத் தேர்ந்ததையும் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். திட்டுவாள், அழுவாள், எழுந்து போ என்பாள் என்று எதிர்பார்த்தாள்.

லைலா பாயின் விளிம்பை நேராக்கினாள். பிறகு கேட்டாள்.

“அந்த மனிசன்ட மகன் வந்தானா?”

“இல்ல மாமி.”

லைலா முகத்தை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

“அவனாச்சும் வந்திருக்கலாம்” என்றாள்.